வீட்டுக்கார அக்காவும் தையல்சிட்டும்

கேமராவை முதல்முறையாகக் கையில் எடுத்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் வீட்டு விசேஷங்களில் போனைக்கூட என்னிடம் யாரும் நீட்ட மாட்டார்கள். நான் எடுத்தால் யாருக்காவது தலை வெட்டுப்பட்டிருக்கும், இல்லையென்றால் என் விரல் பாதிப் படத்தை மறைத்திருக்கும்.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸை விளக்குக்குக் கீழே விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, எங்காவது தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்திரியால் வெட்ட வேண்டும். பிறகு அடுத்த பீஸ். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. ஒருநாள் மதியத்துக்கு மேல் கண்ணெல்லாம் எரிந்து, வெள்ளைத் துணியில் இல்லாத புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. கண் டாக்டரிடம் போனேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்றார். நாள் முழுக்க ஒரு முழ தூரத்துக்கு அப்பால் நான் எதையுமே பார்ப்பதில்லை, அதுதான் கோளாறு என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் மாடியில் நின்று தூரத்தில் பார்க்கச் சொன்னார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான மறுவருஷமே இங்கே வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறை ஒன்றில் லேப் வேலை பார்க்கிறார். எந்தத் துணிக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்று கலந்து, கேட்ட நிறத்தைக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நாங்கள் இருவரும் குடியிருப்பது மாடி வீட்டில். கீழே வீட்டின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும். அவருடைய கணவர் பின்தெருவில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறார். ஏழு வருஷமாக ஒரே வாசலைப் புழங்கியும், மோட்டார் போட்டாச்சா, தண்ணி வந்ததா என்பதைத் தாண்டி அந்த அக்காவும் நானும் அதிகம் பேசியதில்லை.

டாக்டர் சொன்னபடி மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். முதல் நாலைந்து நாள் வெட்கமாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிகள், செல்போன் கோபுரம், நிட்டிங் ஷெட்டுகளின் கூரை, அங்கங்கே வேப்ப மரம். ஒருநாள் என் வீட்டுக்காரர் மேலே வந்து, "என்னத்த பாக்குத?" என்று கேட்டார். தூரத்தைப் பார்க்கிறேன் என்றேன். அவரும் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

அப்போது எதிரே மின்கம்பியில் பழுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அது எழுந்து பறந்ததும் இறக்கை முழுக்க நீலமாக விரிந்தது. ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்த பனங்காடைதான். ஆனால் அந்த நீலத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை. என் வீட்டுக்காரர் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அது ஒரு நீலம் இல்லை, ரெண்டு நீலம் என்றார். பருத்தித் துணியில் அந்த ரெண்டாவது நீலத்தைக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டமாம். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அதைப் பற்றியே பேசினார்.

மறுநாள் போனில் எடுத்துப் பார்த்தேன். கம்பியில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். சேம்பிள் ரூம் அலமாரியில் ஒரு பழைய கேமரா கிடக்கிறது என்றார். முன்பெல்லாம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குச் சேம்பிள் படம் அதில்தான் எடுத்து அனுப்புவார்களாம். இப்போது எல்லாமே போனில். யாரும் தொடுவதில்லை, எடுத்துக்கொண்டு போங்கள், ரிப்பேர் என்று மட்டும் என்னிடம் வந்துவிடாதீர்கள் என்றார். அவருக்கு அது இடத்தை அடைக்கும் சாமான். சார்ஜர் வயரைத் தேடி எடுத்துக் கொடுத்தது மட்டுமல்லாமல், தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தும் கொடுத்தார். அந்தக் கைக்குட்டையை நான் இன்னும் மறக்கவில்லை.

கேமரா வந்ததே தவிர, அதன் முகப்பில் இருந்த எழுத்தும் எண்ணும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. யூடியூபில் வீடியோ போட்டுப் பார்ப்பேன். ஷட்டர் வேகம் என்பது எனக்குப் பிடிபட்டது எங்கள் கூடத்து மின்விசிறியால்தான். ஓடும் விசிறியை எடுத்தேன். முதலில் வெறும் வட்டமாக விழுந்தது. எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் விசிறி நின்றுபோனது போல மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிந்தன, அதில் படிந்திருந்த ஒட்டடையோடு. அன்றைக்கு அந்த ஒட்டடையை அடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

அதன்பிறகு காக்கை. காக்கையை எடுத்தால் கரியில் செய்தது போல வரும், கண் தெரியாது. வெளிச்சம் அதன் முகத்தில் விழும் பக்கம் நான் போய் நிற்க வேண்டும் என்று புரிய ஒரு மாதம் ஆனது. ஓணான் ரொம்ப உதவி செய்தது. சுற்றுச்சுவரில் வெயில் காய வரும் ஓணான் ஒன்று, நான் எத்தனை தடவை தப்பாக எடுத்தாலும் அசையாமல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை எடுத்து, இருநூறு படத்தில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த மூன்றில் ஒன்றில் அதன் கழுத்துச் செதில் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருந்தது. மகளுக்கு அனுப்பினேன். நிஜமாகவே நீ எடுத்ததா என்று கேட்டு எழுதினாள்.

அவள்தான் எங்கள் பகுதிப் பறவை ஆர்வலர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டாள். பறவைப் பேர்களெல்லாம் அங்கே கற்றவைதான். படத்தைப் போட்டு இது என்ன என்று கேட்டால், யாராவது சலிக்காமல் பதில் சொல்வார்கள். பல்லடம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதிகமாகப் பதில் சொல்வார். அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த சமயம், படிக்கட்டை ஒட்டி நிற்கும் நந்தியாவட்டைச் செடிக்குள்ளிருந்து விடாமல் ஒரு சத்தம் வந்தது. உடம்பு கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சத்தம் தெருமுனை வரை கேட்கும். குனிந்து பார்த்தேன். பச்சை முதுகும் துருநிறத் தலையும் தூக்கிய வாலுமாக ஒரு தையல்சிட்டு. இரண்டு இலைகளின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து, அலகால் துளை போட்டு, நூலைக் கோத்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் தையலையே பார்த்தவள் நான். அந்தத் தையலில் இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எல்லாம் பிடித்து நின்றது. நூலும் எங்கள் தெருவில் கிடைத்ததுதான். சிலந்தி நூலோடு பனியன் கழிவிலிருந்து எடுத்த ரோஸ் நூலும், ஒரு பச்சை நூலும். கம்பெனிக்கு அன்று அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். மேனேஜர் கேட்டபோது தையல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உண்மையைத்தான் சொன்னேன்.

இலைப் பைக்குள் பஞ்சு வைத்து, முட்டையிட்டு, அடைகாத்தது. தினமும் காலையில் படியில் உட்கார்ந்து எடுப்பேன். படங்களைக் குழுவிலும் போட்டேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். வாத்தியார் மட்டும், படம் நன்றாக இருக்கிறது, ஆனால் கூட்டின் பக்கம் அதிகம் போக வேண்டாம், முடிந்தால் கூட்டுப் படங்களைக் குழுவில் போடவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுப் படியில் நான் உட்காருவதற்கு இவர் யார் என்று நினைத்தேன். பதில் போடவில்லை.

குஞ்சு பொரித்த பிறகு ஆசை இன்னும் கூடிவிட்டது. உள்ளே மூன்று. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழுவைக் கொண்டுவரும். அலகு வந்ததும் உள்ளேயிருந்து மூன்று மஞ்சள் வாய் திறக்கும். ஆனால் என் கேமராவில் இருந்தது சேம்பிள் எடுக்கிற சின்ன லென்ஸ். பக்கத்தில் போக வேண்டும். போனாலும் முன்னால் இரண்டு கிளை குறுக்கே நின்று, வாயை மறைத்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாள், சனிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில் நூல் வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தேன். சின்னக் கிளை இரண்டுதானே என்று நினைத்து வெட்டினேன். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடிந்து என் விரலில் ஒட்டியது. தாய்ச்சிட்டு பக்கத்துக் கம்பியில் நின்று கத்தியது. படியில் நகர்ந்து உட்கார்ந்து காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் அது திரும்பி வந்தது. காலைவெயில் நேராகக் கூட்டின் வாயில் விழுந்தது. மூன்று மஞ்சள் வாயும், அலகில் பச்சைப் புழுவும், ரோஸ் தையலும் எல்லாமே ஒரே படத்தில் விழுந்தன. அதுவரைக்கும் நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வேதக்கோயிலுக்குப் போய் ஆராதனை முடிந்து வந்தோம். படியேறும்போது பார்த்தேன். இலைப் பை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பஞ்சு வெளியே வந்து கீழ்ப்படியில் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஜோடிச் சிட்டு இரண்டும் சுற்றுச்சுவரில் இங்கேயும் அங்கேயும் குதித்துக்கொண்டிருந்தன, ஒன்றின் அலகில் இன்னும் புழு இருந்தது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பூனையாக இருக்கும் என்றார். நான் கிளை வெட்டியதை அவரிடம் சொல்லவில்லை. வாத்தியார் எழுதியதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட எனக்கு இடமில்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் கீழே அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். செடி அவருடையது. தினமும் காலையில் சாமிக்கு அதிலிருந்துதான் பூப் பறிப்பார். அதனால் அவரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்று, "அக்கா, நந்தியாவட்டைக் கிளையை நான்தான் வெட்டுனேன்" என்றேன்.

"தெரியுமுங்க," என்றார் அக்கா. "சனிக்கிழமை பூப் பறிக்க வந்தப்பவே பாத்தனுங்க. பால் காயாம இருந்துது."

கூட்டைக் கலைத்தது பூனை இல்லை, செம்போத்து என்றும் அவர்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போன பிறகு அது செடியில் வந்து உட்கார்ந்ததை அடுப்படி ஜன்னலில் பார்த்திருக்கிறார். கையைத் தட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் அங்கேயே அழ ஆரம்பித்தேன். நான் வெட்டவில்லையென்றால் அதற்குக் கூடு தெரிந்திருக்காது இல்லையா என்று கேட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க வெட்டலீன்னாலும் எடுத்திருக்கலாமுங்க. எடுக்காமயும் போயிருக்கலாம். அது நமக்குத் தெரியாதுங்க. இனிமே வெட்டாதீங்க, அவ்வளவுதான்."

அதெல்லாம் ஒன்றுமில்லை, உங்கள் தப்பு இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து அவர்மேல் கோபப்பட்டிருப்பேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, படம் எடுத்தீர்களே, அதைக் காட்டுங்கள் என்று கேட்டார். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, அழித்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். மேலே போய்க் கேமராவை எடுத்து வந்தேன். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே மூன்று இருந்ததே தனக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்டது என்றார். ரோஸ் நூலைப் பார்த்ததும், அது தங்கள் யூனிட்டில் போன மாதம் ஓடிய ஆர்டருடைய நூல் என்று அடையாளம் சொன்னார். அழிக்க வேண்டாம் என்றார். அது இன்னும் இருக்கிறது. ஆனால் எங்கேயும் போட்டதில்லை.

அன்று ராத்திரியே வாத்தியாருக்குத் தனியாக எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதி, நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. ஆரம்பத்தில் தானும் இப்படி ஒன்று செய்ததுண்டு என்றும், அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் எழுதியிருந்தார். அது என்னவென்று அவர் எழுதவில்லை. அதற்குக் கீழே எனக்கு உதவுகிற மாதிரி ஒன்று சொல்லியிருந்தார். எந்தப் பறவையானாலும் அது செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தால், நாம் ஏற்கெனவே ஓரடி அதிகம் போய்விட்டோம் என்று அர்த்தம், பின்னால் வந்துவிடுங்கள் என்று.

ஆனாலும் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாடிக்குப் போவதையும் விட்டுவிட்டேன். ஐப்பசி மழையும் வந்து போனது. தையல்சிட்டு அந்தச் செடிக்குத் திரும்ப வரவே இல்லை. எப்போதாவது பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து சத்தம் மட்டும் கேட்கும்.

கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம் அக்கா மாடிக்கு வந்தார். ஏழு வருஷத்தில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ. கையில் செய்தித்தாள் இருந்தது. இங்கே பக்கத்துக் குளத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்திருப்பதாகப் படத்தோடு போட்டிருந்தார்கள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை வெடியால போலாமுங்களா?" என்றார். "நீங்க கேமராவ எடுங்க. நான் வண்டில பின்னால உக்காந்துக்கறனுங்க."

நான் தயங்கினேன். அந்தக் கேமராவை எடுக்கவே மனசு வரவில்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, எத்தனை மணிக்குக் கிளம்பினால் கோயில் நேரத்துக்குத் திரும்பலாம் என்று மட்டும் கேட்டார். துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் நான் நின்று பார்ப்பதைப் பார்த்து, தானும் தலையைத் தூக்கிப் பார்க்கப் பழகிவிட்டதாக அப்புறம் ஒருநாள் சொன்னார். நான் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டு பிரிகிற நேரத்தில் ஸ்கூட்டரில் கிளம்பினோம். குளம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. அக்கா பிறந்தது சோமனூர்ப் பக்கம், கல்யாணமாகி வந்து இருபத்து நாலு வருஷம். கணவரோடு நூறு தடவையாவது அந்த வழியாகப் போயிருப்பாராம். சாயத் தண்ணீர், நாற்றம் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு ஒருதடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லையாம். நாற்றம் இருந்ததென்னவோ உண்மைதான். கரையோரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலும் துணிக் கழிவும் கிடந்தன. அதற்கு அப்பால், தண்ணீரில் பட்டுப்போய் நின்ற கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. சங்குவளை நாரைகள் முழங்கால் தண்ணீரில் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தன. வெயில் ஏறியபோது அவற்றின் வால்பக்கத்து ரோஸ் நிறம் தெரிந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேமராவை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கரையைவிட்டு இறங்கவில்லை. படத்தில் எல்லாம் சின்னச் சின்னதாகத்தான் விழுந்தன. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

அன்று எனக்கு இன்னொன்றும் தெரியவந்தது. அக்காவுக்கு இருக்கிற கண் எனக்குக் கிடையாது. நான் ஒரு இடத்தையே உற்றுப் பார்ப்பேன். அவர் மொத்தக் குளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கட்டால சேத்துல ஏதோ அசையுதுங்க" என்பார். அவர் காட்டும் அந்தப் பக்கத்தில் எனக்கு வெறும் சேறுதான் தெரியும். கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் சேற்று நிறத்திலேயே நீண்ட அலகோடு ஓர் உள்ளான் நிற்கும். படத்தைக் குழுவில் போட்டபோது, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கார அக்கா கண்டுபிடித்தது என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது போய்விடுவோம். என் வீட்டுக்காரர் காலை வேலையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். நாங்கள் வருவதற்குள் இட்லி வேகும். முதல் வாரம் மாவில் உப்புப் போட மறந்துவிட்டார். அக்காவும் நானும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஒரு பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே பழைய லென்ஸ் ஒன்று, நீளமானது. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் தெரிந்தவர் ஒருவர் புதிது வாங்கியதால் கொடுத்துவிட்டாராம். எங்கள் கம்பெனி மேனேஜரிடம் போன் போட்டு, அந்தக் கேமராவுக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறார்.

"இந்தத் தடவ சேல எடுக்கல. பரவாயில்லையா?" என்றார்.

லென்ஸை மாட்டி முதலில் அவரைத்தான் எடுக்கப் பார்த்தேன். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நின்றும் மூக்கும் மீசையும் மட்டும்தான் விழுந்தன. அந்தப் படத்தை இன்றும் போனில் அவருடைய நம்பருக்கு வைத்திருக்கிறேன்.

நீள லென்ஸ் வந்த பிறகு தூரத்தில் நின்றே எடுக்க முடிந்தது. ஒரு மீன்கொத்தி கிளையில் மீனை அடித்து அடித்து விழுங்குவதை, அது என்னைப் பார்க்காமலே எடுத்தேன். தலைகீழாகத் தண்ணீரில் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியை எடுக்க ஏழு ஞாயிற்றுக்கிழமை முயன்றுவிட்டேன். இன்னும் சரியாக வரவில்லை. தோற்ற படங்களைத்தான் அக்கா அதிகம் ரசிப்பார். வெறும் தண்ணீர்த் தெறிப்பு மட்டும் விழுந்த படத்தைப் பார்த்து, "நம்மளவிட வெசையா இருக்குதுங்க" என்று அதன் வேகத்தைச் சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருக்கும் பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்ன பறவை என்று கேட்பார்கள். ஒரிசாவிலிருந்து வந்த ஒரு பெண், தன் ஊரில் வீட்டு ஓலையிலேயே கூடு கட்டும் குருவியைப் பற்றிக் கையாலேயே செய்து காட்டினாள். அதன் பேர் எங்கள் இரண்டு பேருக்குமே பொதுவான மொழியில் இல்லை. மேனேஜர் ஒருநாள் பனங்காடைப் படத்தைக் கேட்டு வாங்கித் தன் போனில் வைத்துக்கொண்டார். கேமராவைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குள்ளே ஒரு பயம். அவர் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டிருந்தது. வெளிச்சமில்லை, படம் வராது என்று நான் சோம்பினேன். அக்கா வாசலில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்ததால் கிளம்ப வேண்டியதாயிற்று. கரையில் போய் உட்கார்ந்ததும் அக்கா, இன்றைக்கு நான் படம் பிடிக்கட்டுங்களா என்று கேட்டார். அதுவரை அவர் கேமராவைத் தொட்டதில்லை. பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். பாதி அழுத்தினால் பீப் சத்தம் வரும், அதற்குப் பிறகு முழுதாக அழுத்துங்கள் என்றேன். முதலில் எடுத்த பத்துப் பதினைந்தில் வானமும் கோரைப் புல்லும்தான் இருந்தன.

கோரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முக்குளிப்பான் வெளியே வந்தது. அதன் முதுகில் ஏதோ புடைப்பாகத் தெரிந்தது. அக்கா மூச்சை நிறுத்திக்கொண்டதை நான் பக்கத்தில் இருந்து கவனித்தேன். இறக்கைக்குள்ளிருந்து கோடு போட்ட சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது, அப்புறம் இன்னொன்று. தாய் முதுகில் குஞ்சுகள். தாய் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, தன்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. பீப் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஷட்டர் ஒரே ஒரு தடவை.

படத்தைப் பார்த்தோம். கொஞ்சம் இருட்டு, ஓரத்தில் கோரை குறுக்கே விழுந்திருந்தது. ஆனால் இரண்டு குஞ்சின் கண்ணும் தெளிவாக இருந்தன. இரண்டு வருஷமாக நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அப்படி ஒன்று இல்லை. எனக்குக் கொஞ்சம்கூடப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது அது அந்த இடத்திலேயே போய்விட்டது.

திரும்பும் வழியில் நிட்டிங் கம்பெனிகள் இருக்கும் தெருவில் டீக்கடையில் நிறுத்தினோம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த பீகார்க்காரர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி இருந்தது. அவர்களில் ஒருவர் அக்காவின் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்து, இந்தியில் ஏதோ கேட்டார். என்ன எடுத்தீர்கள் என்றுதான் இருக்க வேண்டும். அக்காவுக்கு இந்தி தெரியாது. கேமராவைத் திருப்பி, படத்தை அவர்கள் பக்கம் காட்டினார்.

"நான் எடுத்ததுங்க," என்றார் அக்கா.

அவர்கள் தலைகளைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் குஞ்சுகளை விரலால் எண்ணினார். இன்னொருவர் நகர்ந்து அக்காவுக்குப் பெஞ்சில் இடம் விட்டார். நான் மூன்றாவது டீக்கும் சேர்த்துச் சொன்னேன், என் வீட்டுக்காரருக்குப் பார்சல். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கேமராவைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அக்கா பின்னால் ஏறி உட்கார, நாங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம்.